நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றவர்

எதிர்வீட்டு அக்கா உட்கார்ந்து பார்த்தாள். அவள் கணவர் உட்கார்ந்து பார்த்தார். தையல்காரியின் தம்பி கால்மேல் கால் போட்டு, மந்திரி பதவி கிடைத்தவன் மாதிரி உட்கார்ந்து பார்த்தான்.

நாற்காலி துளிக்கூடச் சத்தம் காட்டவில்லை.

"ஒரு ஆணி அடிக்கலை, தெரியுமா? கட்டையில துளை போட்டு, அதுல கட்டையவே சொருகியிருக்கா!" தானே செய்ததைப் போல் குதித்தார் டிரைவர்.

தையல்காரியின் கணவர் அவர், பஸ் ஓட்டுகிறவர். உயரத்தில் நடுத்தரம், அகலத்தில் தாராளம். நாற்காலியின் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். வந்தவர்களையெல்லாம் பிடித்துப் பிடித்து உட்கார வைத்தார். தான் மட்டும் உட்காரவில்லை.

தையல்காரி அதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பகலெல்லாம் ஊராருக்குச் சட்டை தைக்கிறவள், சாயங்காலமானால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகைக்கு உளியோடு போய்விடுவாள். யாரிடமும் போய்க் கற்கவில்லை. போனில் படம் பார்த்துச் செய்ய ஆரம்பித்ததுதான்.

முதலில் செய்த ஸ்டூல் ஆடியது. ஒரு காலைக் கொஞ்சம் அறுத்தாள், மறுபக்கம் ஆடியது. அந்தக் காலையும் அறுத்தாள். அறுத்து அறுத்து, கடைசியில் அதில் உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடித்தது. வீடே விழுந்து விழுந்து சிரித்தது. டிரைவர்தான் அதைக் குளியலறைக்குத் தூக்கிப்போய், வாளி வைக்க இதைவிடத் தோதான உயரம் உலகத்திலேயே கிடையாது என்று அடித்துச் சொன்னார்.

இந்த நாற்காலி வேறு. பழைய தேக்குக் கதவு ஒன்றை வாங்கி அறுத்து இழைத்தது. ஒரு காலில் துளையைப் பக்கம் மாற்றிப் போட்டுவிட்டு, அன்று முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டு, மறுநாள் புதுக்கால் அறுத்தாள். பசை காய்கிற வரை பழைய சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டி வைத்திருந்தாள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் கைரேகையே அழிந்துபோயிற்று. இப்போது நான்கு காலும் தரையோடு ஒட்டிக்கொண்டு நின்றன. பார்க்கப் பார்க்க அவளுக்கே ஆசையாக இருந்தது. இத்தனை நல்ல வேலை தன் கைக்கு வரும் என்று அவளும் நினைத்திருக்கவில்லை.

ஆனால் இதை அவள் வருகிறவர் போகிறவருக்காகச் செய்யவில்லை.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாண வீட்டில் டிரைவர் உட்கார்ந்த பிளாஸ்டிக் நாற்காலி நான்கு பக்கமும் கால் விரித்தது. அத்தனை பேர் முன்னாலும் தொப்பென்று தரைக்கு வந்தார். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் அவர்தான்.

அன்றிலிருந்து நாலு பேர் இருக்கிற இடத்தில் அவர் உட்கார்ந்ததே இல்லை. வண்டியில் உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துவிட்டது என்பார். எந்த வீட்டு விருந்திலும் தட்டைக் கையில் ஏந்தியே சாப்பிடுவார். ஓடியாடி எல்லோரையும் கவனிக்கிற மனுஷன் என்று நல்ல பெயர் வேறு வாங்கிவிட்டார்.

ஊர் நம்பியது. கட்டினவள் நம்புவாளா? புதுப் பேண்ட் தைக்கப்போகிறேன் என்று சொல்லி அவரை நிற்கவைத்து அளந்தாள். அந்த அளவில்தான் இந்த இருக்கையை அறுத்தாள்.

இப்போது கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து எழுந்தாயிற்று. அவர் அசையவே இல்லை.

நம் வேலைமேல் இவருக்கே நம்பிக்கை இல்லையா? ஊரைக் கூட்டிப் பெருமை பேசத் தெரிகிறது, உட்கார மட்டும் பயமா? கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன அவளுக்கு.

டீ கொடுக்கிற சாக்கில் பக்கத்தில் போனாள். "என்னங்க, நீங்க உக்காருங்க."

அவர் சிரித்தபடியே குனிந்தார். சிரிப்பு வந்திருந்தவர்களுக்கு, குரல் அவளுக்கு மட்டும்.

"எல்லாரும் போகட்டும்மா. நான் விழுறது எனக்குப் பழகிப்போச்சு. உன் நாற்காலி உடைஞ்சுதுன்னு ஒருத்தரும் பேசக் கூடாது."

இவ்வளவு நேரமும் இந்த மனுஷன் காவல் நின்றது தன் மானத்துக்காக அல்ல, அவள் வேலைக்காக.

அவர் கையிலிருந்த டீயைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"நான் செஞ்சது. உக்காருங்க." இந்த முறை கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

டிரைவர் கைப்பிடிகளைப் பற்றினார். முதலில் பட்டும் படாமலும் ஓரத்தில் உட்கார்ந்தார். பிறகு கொஞ்சம் பின்னால் நகர்ந்தார். பிறகு மூச்சை விட்டு, பாரம் முழுவதையும் விட்டு, நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

இந்தப் பக்கம் ஒரு விரல் இடம் மிச்சம் இருந்தது, அந்தப் பக்கமும் ஒரு விரல். தேக்கு வாயே திறக்கவில்லை.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தம்பி ஏதோ கிண்டலடிக்க வாயெடுத்தான். தன் அக்கா தையல்காரியின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

ஆறிப்போன டீயை அவளே குடித்தாள். அவ்வளவு ருசியாக ஒரு டீ அவள் குடித்ததில்லை.

இருட்டத் தொடங்கியதும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். யார் வந்தாலும் தெருமுனை வரை கூடவே போய் வழியனுப்புகிற டிரைவர், அன்று இருந்த இடத்திலிருந்தே கையை ஆட்டினார்.

தையல்காரிதான் வாசல் வரை போய் எல்லோரையும் அனுப்பிவைத்தாள்.