கடல் பாலத்துப் பூட்டு

கடல் பாலத்தின் நடுவில் இருந்த பலகைகளைக் கழற்றச் சொன்னது நான்தான். துருப்பிடித்த தூண்களை மாற்றும்வரை அங்கே அகலமான இடைவெளி, கீழே கடல். கரைப்பக்க நுழைவாயில் கேட்டைப் பூட்டிச் சாவியை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பொறியாளர் நான், எவன் விழுந்தாலும் பதில் சொல்ல வேண்டியவளும் நான்.

ஞாயிறு மாலை வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் கேட்டுக் கம்பியை உலுக்கியது.

"அஞ்சு நிமிஷம் நின்னுட்டு வந்துடறோம்மா," என்றார் முன்னால் நின்ற ஒரு கேமராக்காரர்.

"விழறதுக்கு அவ்வளவு நேரம் ஆகாது சார்."

"ரெண்டெழுத்து படிச்சுட்டா கடலையே வாங்கிட்ட நெனப்பு."

"கடல் உங்களோடதே சார். பூட்டு என்னோடது."

அப்போது பாலத்தின் கடல்பக்கக் கடைக்கோடியிலிருந்து ஒரு பெண், குழந்தையைக் கைப்பிடித்தபடி நடந்து வந்தாள். இடைவெளியில் நிற்கவில்லை, குனிந்து பார்க்கவுமில்லை. நேராகக் கேட்டின் உட்புறம் வந்து நின்றாள்.

"கொஞ்சம் தொறங்கக்கா. பாப்பாவுக்குத் தூக்கம் வருது."

"அவங்க மட்டும் போயிட்டு வரலாமா?" என்று கேமராக்காரர் கத்தினார். பின்னாலிருந்தவர்கள் முண்டினார்கள். அவளுக்காகத் திறந்தால் அத்தனை பேரும் உள்ளே பாய்ந்து கடலில் விழுவார்கள்.

"முடியாதும்மா," என்றேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "சரிக்கா," என்று திரும்பினாள். இருவரும் வந்த வழியே போனார்கள். இடைவெளி வந்ததும் குழந்தை, பலகையே இல்லாத அந்த வெற்றிடத்தின் மேல், தட்தட்டென்று சத்தமெழ விளையாட்டாகக் குதித்துக் குதித்து நடந்தது.

கூட்டம் கம்பியை விட்டுவிட்டது. அந்தக் காலடிச் சத்தம் கடல் பக்கமிருந்து வரவில்லை. எங்கள் முதுகுக்குப் பின்னால், கழற்றிய பலகைகளை அடுக்கி மூடியிருந்த தார்ப்பாயின் அடியிலிருந்து வந்தது.