முன்வரிசைக்காரர்

“உலகக் கோப்பை இறுதிப் போட்டிக்கு வந்து, தன் மூஞ்சியைத் தானே படம் பிடிச்சுக்கிட்டிருக்கானே, இவனெல்லாம் என்ன ரசிகன்?” என்றாள் அக்கா.

தம்பி அவள் பக்கம் திரும்பவில்லை. பந்து நடுக்கோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது.

“விடுக்கா. அவன் டிக்கெட், அவன் மூஞ்சி.”

அக்கா பல் மருத்துவர். நாள் முழுவதும் பிறரை வாயைத் திறக்கச் சொல்பவள், கால்பந்து என்று வந்துவிட்டால் தன் வாயை மூடியதில்லை. இறுதிப் போட்டியை ஒரு முறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது பள்ளிப் பருவத்திலிருந்தே அவளுக்கு இருந்த ஆசை. ஒவ்வொரு உலகக் கோப்பைக்கும் குலுக்கலில் பெயர் கொடுத்துக் கொடுத்து, இம்முறைதான் விழுந்தது. அதுவும் இரண்டாம் வரிசை.

அவளுக்கு நேர் முன்னே, முதல் வரிசையில், தொப்பி அணிந்த ஒரு பருத்த மனிதர். ஆட்டம் தொடங்கியதிலிருந்து கைப்பேசியை மார்புக்கு முன்னே நீட்டிப் பிடித்திருந்தார். அதன் கேமரா அவரைப் பார்த்தே இருந்தது. ஒரு கை வலித்தால் மறு கைக்கு மாற்றிக்கொண்டாரே தவிர, கீழே இறக்கவில்லை.

“அங்க பாரு, அந்தக் காவலாளிகூட இவனையே முறைச்சுப் பார்த்துக்கிட்டிருக்கார்.”

தடுப்புக்கு அப்பால், ஆரஞ்சு நிற மேலங்கியுடன் ஒருவர் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார்.

“அவர் வேலையே நம்மளைப் பார்க்கிறதுதான்க்கா. ஆட்டம் முடியற வரைக்கும் அந்தப் பக்கம் திரும்பவே கூடாது. திரும்பினா வேலை காலி.”

“பார்த்தா மட்டும் போதுமா? ஒரு வார்த்தை கேட்கக் காணோமே!”

அப்போது நீலச்சட்டை அணி கோல் போட்டது. அக்கா போட்ட கூச்சலில் தம்பியின் காது அடைத்தது. முன்வரிசைக்காரரும் எழுந்தார், ஆனால் நிறைகுடம் ஏந்தியவர்போல, கையைச் சற்றும் அசைக்காமல் எழுந்தார்.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் காவலாளியின் முகம் மலர்ந்தது.

“ஊரே கத்தி முடிச்சு உட்கார்ந்தாச்சு, இவர் இப்பத்தான் சிரிக்கிறார். சரியான டியூப்லைட்டு!”

தம்பியும் சிரித்துவிட்டான்.

இரண்டாம் பாதியில் எதிரணி ஒரு கோல் போட்டுச் சமன் செய்தது. கூடுதல் நேரத்திலும் முடிவு தெரியவில்லை. அதற்குமேல் அக்காவால் பொறுக்க முடியவில்லை. முன்வரிசைக்காரரின் தோளைத் தட்டினாள்.

“ஏங்க, அந்த போனை உள்ள வைக்கக் கூடாதா?”

“மன்னிச்சுக்குங்க. உங்களுக்கு மறைக்குதுங்களா?”

“மறைக்கல. வயிறு எரியுது. இந்த இடம் கிடைக்காம எத்தனை பேர் ஏங்கிக்கிட்டிருக்காங்க தெரியுமா?”

“தெரியுங்க,” என்றார் அவர். “இன்னும் கொஞ்ச நேரம்தான்.”

கை இறங்கவில்லை.

“பார்த்தியா, எவ்வளவு திமிர்!” என்றாள் அக்கா தம்பியிடம்.

பெனால்டி உதைகள் தொடங்கின. மாறி மாறி அடித்தார்கள். மாறி மாறி உள்ளே போயின. பிறகு எதிரணியின் ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. மிச்சமிருந்தது நீலச்சட்டையின் ஓர் உதை. அது உள்ளே போனால் கோப்பை.

அந்த வழியாக, வாக்கிடாக்கியும் கையுமாக மேற்பார்வையாளர் வந்தார். அக்கா எழுந்து கையாட்டினாள்.

“சார், இவர் ஆட்டம் பூரா போனை நீட்டிப் பிடிச்சுக்கிட்டே இருக்கார். எங்களுக்கெல்லாம் மறைக்குது.”

“அக்கா, சும்மா இரு!” என்று தம்பி அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

மேற்பார்வையாளர் நெருங்கினார். “போனை உள்ள வைங்க சார்.”

முன்வரிசைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். காவலாளியை ஒரு கணம் பார்த்தார். பிறகு பேசாமல் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மேற்பார்வையாளர் அங்கேயே நின்று, தாம் மட்டும் மைதானத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விசில் ஒலித்தது. ஓட்டம். உதை.

அரங்கமே அதிர்ந்தது. அக்கா அழுதாள், சிரித்தாள், தம்பியின் முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தாள். மைதானத்துக்குள் குதித்த யாரையோ பிடிக்க மேற்பார்வையாளர் ஓடினார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பார்த்தபோது, முன்வரிசைக்காரர் தடுப்பின்மேல் குனிந்து, காவலாளியின் காதருகே பேசிக்கொண்டிருந்தார்.

“மெதுவாத்தான் ஓடி வந்தான். கோல்கீப்பர் வலது பக்கம் பாய்ஞ்சுட்டார். இவன் நிதானமா இடது மூலையில தட்டி விட்டான். புல்லோட புல்லா உருண்டு போச்சு.”

காவலாளி இன்னமும் கூட்டத்தைப் பார்த்தபடியேதான் நின்றார். ஆனால் கண்களை இறுக மூடியிருந்தார்.

“அவர்கிட்ட எதுக்குங்க இதையெல்லாம் சொல்றீங்க?” என்றாள் அக்கா.

முன்வரிசைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

“இந்தப் போட்டியை நேர்ல பார்க்கலாம்னுதாங்க அவர் இந்த வேலையிலயே சேர்ந்தாராம். முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கணும்னு இன்னைக்கு இங்க வந்தப்புறம்தான் சொல்லியிருக்காங்க. ஆட்டம் தொடங்கறதுக்கு முன்னாடி பேச்சுவாக்குல என்கிட்ட சொன்னார். அதான், போன்ல நேரலையைப் போட்டு, திரையை அவர் பக்கம் திருப்பிப் பிடிச்சிருந்தேன்.”

அக்கா வாயைத் திறந்தாள். கண்மூடி நின்ற காவலாளியைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

“நீங்க வருத்தப்படாதீங்கம்மா,” என்றார் அவர். “மத்ததெல்லாம் பார்த்துட்டார். அந்தக் கடைசி உதையை மட்டும்தான் பார்க்கல.”