கணவாயைத் தாண்டினால்தான் கணக்கு

ஐப்பசி பிறந்து, வடக்கேயிருந்து பருந்துகள் வரத் தொடங்கினால் போதும், மலையுச்சிப் பாறையில் ஓணான் ஏறி உட்கார்ந்துவிடும். ஒரு பருந்துக்கு ஒரு தலையாட்டல், அப்படித்தான் அது எண்ணும். எல்லாம் போய்விட்டன என்று அது சொன்ன பிறகுதான் கீழே பொந்தில் இருக்கும் அணில் இரை தேட வெளியே வரும்.

மேலே வட்டமடிக்கிற பருந்தை ஓணான் எண்ணாது. சுற்றிச் சுற்றி வருவதை எண்ணினால் ஒன்றே பத்தாகிவிடுமே! தெற்கே கணவாயைத் தாண்டினால்தான் கணக்கு. இந்த முறையைத் தானே கண்டுபிடித்ததில் அதற்கு ஏகப்பட்ட பெருமை.

அன்று பருந்துகள் கூட்டம் கூட்டமாகக் கடந்தன. ஆட்டி ஆட்டி ஓணானுக்குக் கழுத்தே வலித்தது. வானம் வெறிச்சோடியதும், "எல்லாம் போயாச்சு, தைரியமா வெளிய வா" என்று குரல் கொடுத்தது.

எட்டிப் பார்த்த அணில் பதறியது. "அண்ணே, உங்க முதுகுக்குப் பின்னாடி ஒண்ணு உட்கார்ந்திருக்கு!"

"கணவாயைத் தாண்டுச்சா?"

"இல்லண்ணே, உங்களையே பார்த்துக்கிட்டு இருக்கு. ஓடுங்க!"

"தாண்டலன்னா கணக்குல வராது. எத்தனை வருஷமா எண்ணுறேன், எனக்கே பாடம் எடுக்கிறியா?" ஓணான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அணில் பொந்துக்குள் பாய்ந்தது. பருந்து ஓணானைக் காலால் அள்ளிக்கொண்டு தெற்கே கிளம்பியது. பாறை சின்னதாகிக்கொண்டே போயிற்று. கணவாய் நெருங்கி வந்தது, பிறகு பின்னால் போனது.

நகங்களுக்கிடையில் தொங்கியபடியே ஓணான் ஒருமுறை தலையை ஆட்டியது.

"இப்போ சேர்த்துக்கலாம்."