பாட்டுக்கு எது தோது

“பெரிசையே எடுத்துக்கடா. நாலு தெருவுக்குக் கேக்கும்” என்றார் மாமா வீரராகவன்.

கோதண்டம் குனிந்து பார்த்தான். பாயின் மேல் இரண்டு கிட்டார்கள் கிடந்தன. ஒன்று பெரிசு. மஞ்சள் முகமும் முத்துச்சிப்பிக் கரையுமாகப் பளபளவென்று மின்னியது. இன்னொன்று சின்னது. உடம்பு முழுக்க மகாகனி மரம், செம்பழுப்பு நிறம், ஒடுங்கின இடுப்பு. பெரிசின் பக்கத்தில் கிடந்ததால் இன்னும் சோனியாகத் தெரிந்தது.

உலகச் சண்டை முடிந்து ஆவடி முகாமைக் காலி பண்ணிக்கொண்டிருந்த வெள்ளைக்காரச் சோல்ஜர்கள், கப்பலேறும் அவசரத்தில் கண்டவர் கையில் கண்டதைத் திணித்துவிட்டுப் போன நேரம் அது. முகாமுக்குக் காய்கறி போட்டுவந்த திருமுல்லைவாயில் எத்திராஜுக்கு இந்த இரண்டும் வந்து சேர்ந்தன. முகாம் ஸ்டோரில் வேலை பார்த்த கோதண்டத்துக்கோ ஒரு சோல்ஜர் கிட்டார் வாசிக்க மட்டும் கற்றுக்கொடுத்தான். போகும்போது தன் கிட்டாரை மறக்காமல் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அதுதான் வம்பாகிவிட்டது. அம்பத்தூர் நாடக சபாவில் பாட்டுக்குக் கூட வாசிக்கிற இடம் கோதண்டத்துக்குக் கிடைக்கிற மாதிரி இருந்தது. “ஞாயித்துக்கெழம சொந்தமா ஒரு கிட்டாரோட வா. இல்லேன்னா அந்த எடத்துல ஆர்மோனியக்காரன் குந்திடுவான்” என்று சபா முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மாமா எங்கே கூப்பிட்டாலும் சாக்குச் சொல்லி நழுவுகிறவன், திருமுல்லைவாயிலில் கிட்டார் இருக்கிறது என்று அவர் சொன்னதும் கட்டின வேட்டியோடு கிளம்பிவிட்டான். அவர்தான் அதட்டிச் சலவைச் சட்டை போட வைத்து எத்திராஜ் வீட்டுக்குக் கூட்டி வந்தார்.

“இன்னாத்துக்குத் தம்பி வாசிக்கப் போறே?” என்று கேட்டார் எத்திராஜ்.

“பாட்டுக்குக் கூட வாசிக்கத்தான் நைனா.”

“அப்போ பாட்டோட வெச்சுத்தான் பாக்கணும். எம்பொண்ணு உள்ள கீது, நல்லா பாடும். தாட்சாயிணி, ஒரு பாட்டு பாடும்மா.”

வெளியாட்கள் முன்னால் பெண்ணைப் பாடச் சொல்கிறாரே, முகாமுக்குப் போய்வந்து மனுஷருக்கு வெள்ளைக்காரப் பழக்கம் ஒட்டிக்கொண்டது போலும் என்று கோதண்டம் நினைத்துக்கொண்டான். அதற்கு மேல் யோசிக்க அவனுக்கு நேரமில்லை. கண்ணெல்லாம் கிட்டார் மேலேயே இருந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்டது. ஊர்க்கோயில் கொடியிடை அம்மன் மேல் ஒரு பாட்டு தொடங்கியது.

கோதண்டம் பெரிசைத் தூக்கி மடியில் வைத்து மீட்டினான். கூடமே அதிர்ந்தது. வீரராகவன் தொடையைத் தட்டித் தலையை ஆட்டினார். கோதண்டத்துக்கும் ஆசை பொங்கியது. இதைக் கொண்டுபோய் வைத்தால் சபா முதலாளி வாயடைத்துப் போவார். ஆனால் பாட்டு எங்கே என்று தேடினால் அதைக் காணோம். மெதுவாக வாசித்துப் பார்த்தான். அப்போதும் பெரிசு அந்தக் குரலைத் தின்றுகொண்டேதான் இருந்தது.

சின்னதை எடுத்தான். அது குழந்தை மாதிரி மடியில் அடங்கியது. சத்தம் குறைவுதான். ஆனால் இதமாக எழும்பி, பாட்டு வந்ததும் ஒதுங்கிக்கொண்டது. இப்போதுதான் குரல் துலக்கமாகக் கேட்டது. ஒரு சொல்லின் முடிவில் அது லேசாக நடுங்கியதுகூடக் கேட்டது. கோதண்டத்துக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இரண்டாவது அடியில் குரல் தாழ்ந்தது, அவனும் தாழ்ந்தான். திடீரென்று அது நின்றது. அவன் தந்தியிலிருந்து கையை எடுத்துவிட்டு, மறுபடி தொடங்கும்வரை பேசாமல் காத்திருந்தான்.

பாட்டு முடிந்ததும் எத்திராஜ் கேட்டார்: “சொல்லு தம்பி, எது?”

“சின்னது நைனா.”

“பைத்தியமாடா உனக்கு?” என்றார் மாமா. “கடைசி வரிசைக்குக் கேக்குமா இது? அந்த மொதலாளி உன்னத் தொரத்திடுவான்.”

“தொரத்துனா தொரத்தட்டும் மாமா. கூட வாசிக்கிறவன் பாட்டுக்கு வழி உடணும். பெரிசு நல்லாத்தான் கீது, ஆனா அது யாரையும் பாட உடாது.”

உள்ளே வளையல் குலுங்கியது. எத்திராஜ் எழுந்து கதவோரம் போய் ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பினார்.

“தம்பி, சின்னது விலைக்கு இல்ல.”

கோதண்டத்தின் முகம் செத்துப்போனது. “இன்னா நைனா, ஆசை காட்டிட்டு இப்போ இல்லேன்றீங்களே.”

“அது எம்பொண்ணுது. அவ எந்த ஊட்டுக்குப் போறாளோ, அந்த ஊட்டுக்குத்தான் அதுவும் போவும்.”

கோதண்டம் மாமாவைப் பார்த்தான். மாமா உத்தரத்தைப் பார்த்தார்.

“இன்னாடா பண்றது? பொண்ணு பாக்கக் கூப்ட்டா வர மாட்டேன்றே. கிட்டார் பாக்கக் கூப்ட்டா ஓடியாறே.”

“நா எங்க மாமா பொண்ணு பாத்தேன்?”

“நீ பாக்கல தம்பி, எம்பொண்ணுதான் உன்னப் பாத்துது” என்றார் எத்திராஜ். “முன்னாடி வந்த மாப்பிள்ளை ஆர்மோனியத்தப் போட்டு அமுக்குனாரு, இவ பாட்டே கேக்கல. ஒரு சொம்பு மோரு குடுத்து அனுப்பிட்டோம். மாமா பேச்சக் கேட்டுப் பெரிசை எடுத்திருந்தீன்னா உனக்கும் மோருதான்.”

வீரராகவனுக்கு இது புதுச் சேதி. பெரிசை மெல்ல ஓரமாகத் தள்ளி வைத்தார்.

கதவு திறந்தது. தாட்சாயிணியின் கையில் மோர்ச் சொம்பு இல்லை. சொஜ்ஜியும் பஜ்ஜியும் வைத்த தட்டு இருந்தது.

“ஞாயித்துக்கெழம சின்னத எடுத்துகினு போய் வாசிங்க” என்றாள், தட்டை அவன் முன்னால் வைத்துவிட்டு. “ஆனா தாலி கட்டறதுக்குள்ள திருப்பிக் கொண்டாந்துடுங்க. அது என்கூடத்தான் உங்க ஊட்டுக்கு வரணும்.”