ஒரே ஒரு ஆரஞ்சுச் சட்டை

துப்பாக்கி வெடிச் சத்தம் கேட்டதும் நார்மண்ட் பையைத் திறந்து, மானென்று நினைத்து வேட்டைக்காரர் சுட்டுவிடாமலிருக்கக் காட்டில் போடுகிற ஆரஞ்சு மேல்சட்டையை எடுத்தார். எடுத்துத் தானே போட்டுக்கொண்டார்.

இருந்தது அது ஒன்றுதான்.

எலோடி காட்டுக்குள் பாழாய்க் கிடந்த பழைய ஆப்பிள் தோட்டத்தின் நடுவே, வெட்டவெளியில், பழுப்பு ஸ்வெட்டரும் வெள்ளைக் காலருமாக நின்றிருந்தாள். பள்ளியில் இது அவளுக்குக் கடைசி வருடம். ஆண்டு மலருக்குப் படம் கொடுக்க நாளையோடு கெடு முடிகிறது. கொடுக்காவிட்டால் அவள் பெயருக்கு மேலே வெறும் கட்டம்தான் அச்சாகும். ஸ்டூடியோ எதற்கு, இலையெல்லாம் கொட்டுவதற்குள் நானே எடுத்துத் தருகிறேன் என்று கூட்டிவந்தவர் நார்மண்ட். அம்மாவின் இரண்டாவது கணவர். வீட்டுக்கு வந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது.

மான் வேட்டைக் காலம்தான். ஆனால் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் ஞாயிற்றுக்கிழமை யாரும் வேட்டையாடக் கூடாதென்று சட்டம். அதை நம்பித்தான் காட்டுக்குள் வந்திருந்தார்கள்.

"ஞாயித்துக்கிழமையும் அதுவுமா யாரு சுடுறா?"

"சட்டத்துக்குப் பயப்படாதவன்," என்றார் நார்மண்ட்.

போய்விடலாம் என்றாள் எலோடி. வண்டிக்குப் போகிற பாதை மேட்டுப் பக்கத்துப் புதருக்குள் போகிறது, சத்தமும் அந்த மேட்டிலிருந்துதான் வருகிறது, ஓய்கிற வரைக்கும் இந்த வெட்டவெளியை விட்டு நகரக்கூடாது என்றார் அவர்.

"அப்ப அந்தச் சட்டையை எனக்குக் குடுங்க."

"மாட்டேன். படத்துல ஆரஞ்சா விழும்."



இரண்டாவது வெடி. இந்த முறை கிட்டத்தில். காக்கைகள் கூட்டமாகக் கிளம்பின.

நார்மண்ட் அதுவரை நின்ற இடத்தை விட்டு விறுவிறுவென்று மறுபக்கம் போனார். சாய்கிற வெயில் முதுகில் படும்படி நின்றுகொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல் கேமராவைத் தூக்கினார். போதாததற்குப் பாட்டு வேறு. ஹாக்கி மைதானத்தில் கத்துகிற பாட்டு, தொண்டை கிழிய.

"தாடையைத் தூக்கு குட்டி. என்னையே பாரு."

"உங்க நிழல் என் மேல விழுது."

"விழட்டும்."

நேற்றுக் கேமரா வாங்கியவனுக்குக்கூடத் தெரியும், நிழல் விழ நின்று எடுக்கக் கூடாதென்று. எலோடி இடது பக்கம் நகர்ந்தாள். அவரும் நகர்ந்தார். வலது பக்கம் நகர்ந்தாள். அங்கேயும் வந்து நின்றார். கிளிக், கிளிக் என்று அவர் பாட்டுக்கு அமுக்கிக்கொண்டே இருந்தார்.

இன்னொரு வெடி. அப்புறம் வெகு நேரம் ஒன்றுமில்லை. என் முதுகை ஒட்டியே வா என்று சொல்லிவிட்டு அவர் முன்னால் நடக்க, வண்டிக்கு வந்து சேர்ந்தார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக எலோடி அம்மாவிடம் கொட்டித் தீர்த்தாள். இருந்த ஒரு சட்டையை அவரே போட்டுக்கொண்டது, சாகிற பயத்தில் அவள் நிற்க அவர் பாட்டுப் பாடியது, படத்தையெல்லாம் நிழல் விழுந்து கெடுத்தது.

அம்மா கிளாரிஸ் பத்து வயதிலிருந்து வேட்டைக்குப் போனவள். எல்லாவற்றையும் கேட்டாள்.

"சுட்டது எந்தப் பக்கம்?"

"மேட்டுப் பக்கம். மேற்கே."

"வெயிலு?"

"அதுவும் அந்தப்..." எலோடி பாதியில் நிறுத்தினாள்.

"பழுப்பும் வெள்ளையுமா போயிருக்க. தூரத்துல இருந்து பாத்தா நீ மானு. உனக்கும் துப்பாக்கிக்கும் குறுக்க நிக்கிறவர் பளிச்சுனு தெரியணும், ஆள் குரல் கேக்கணும். சட்டை உன்கிட்ட இருந்திருந்தா அவருக்குப் பின்னால மறைஞ்சு போயிருக்கும்."

கிளாரிஸ் ஜன்னல் வழியே பார்த்தாள். நார்மண்ட் இன்னும் வண்டியை விட்டு இறங்கவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி, அதன்மேல் நெற்றியை வைத்திருந்தார்.

எலோடி வண்டியிலிருந்து கையோடு கொண்டுவந்திருந்த கேமராவைத் திருப்பி, இரண்டாவது வெடிக்குப் பிறகு எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள்.

எல்லாவற்றிலும், தலையிலிருந்து கால் வரை ஒரு விரற்கடை விடாமல், அவர் நிழல் அவளை மூடியிருந்தது.