சாயபுவின் ஷெர்வானி

வாஹித் பாஷா சாயபு தன் ஷெர்வானியைக் கையில் கொடுத்ததுமே தேவசகாயம் வாத்தியார் ஹெட்மாஸ்டர் ஆகிவிட்டார். ஆர்டர் இன்னும் வரவில்லை, அது கிடக்கட்டும்.

வாணியம்பாடியில் தோல் ஷாப்பு வைத்திருக்கும் சாயபுதான் பள்ளிக்கூடத்து நிர்வாகி. காலியான நாற்காலிக்குத் தேவசகாயமும் ஒல்லி மோசஸும் போட்டி. சரித்திரம் நடத்துகிற தேவசகாயத்துக்குக் காரியம் சாதிக்கத் தெரியாதா? ஈரான் ஷா மொகலாய பாதுஷாவுக்குக் குதிரை அனுப்பிய மாதிரி, இவர் ஆலங்காயத்து மலைத்தேனோடு போய் நின்றார்.

"இன்னும் தையக்கார ஹயாத் வூட்டுக்குப் பக்கத்துலதான் இருக்கீங்களா வாத்தியாரே?"

"ஆமாங்க சாயபு. மழை வந்தா ஒழுகுது."

"நல்லதாப் போச்சு. இதைக் கையோட எடுத்துட்டுப் போங்க."

சாயபு மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தோல் வண்டி வந்துவிட்டது, ஓடிவிட்டார்.

"இன்னாங்க இது, அவர் போட்டுக் கழட்டினதாச்சே" என்றாள் வீட்டில் மனைவி ஞானசுந்தரி.

"அடி பைத்தியமே, பாதுஷா தான் போட்ட அங்கியைத் தூதனுக்குக் குடுத்தா அதுக்கு மேல மரியாதையே கிடையாது. பதவி வந்துருச்சுன்னு அர்த்தம்."

முதுகிலும் இடுப்பிலும் வெள்ளை வெள்ளையாகச் சாக்பீஸ் கோடு. எல்லாம் தன் கைச் சாக்பீஸ்தான் என்று வெட்கப்பட்டு, ஈரத்துணியால் ஒன்று விடாமல் துடைத்தார்.

மறுநாள் இன்னொரு தேவசகாயமும் நுழையலாம் போலிருந்த அந்த ஷெர்வானியில், வேர்த்து விறுவிறுத்துப் பள்ளிக்கூடம் போனார்.

"இனிமே நேரத்துக்கு வந்துடணும் மோசஸ்."

மோசஸ் ஷெர்வானியையே வெறித்தார். பாவம், வயிற்றெரிச்சல் என்று தேவசகாயம் பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்டார்.

அந்நேரம் கழுத்தில் அளவு நாடாவோடு ஹயாத் பாஷா மூச்சிரைக்க வந்தார்.

"நேத்தே உங்ககிட்ட குடுத்தனுப்பினாராமே சாயபு! வெள்ளிக்கிழமை புது ஹெட்மாஸ்டர் போட்டுக்கணுமாம், அதுக்குள்ள பிடிச்சுத் தைக்கணும்."

தேவசகாயத்துக்கு உச்சி குளிர்ந்தது. "கொஞ்சம் தொளதொளன்னுதான் இருக்கு" என்று கைகளை விரித்துக்கொண்டு நின்றார்.

ஹயாத் பாஷா அவரை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சாயபு வூட்டுல மோசஸ் சார் உடம்புக்கு நான் போட்டு வெச்ச கோடெல்லாம் எங்க சார்?"