மேயரின் கடைசிக் கேள்வி

கடலைப் பார்த்த உயரமான ஜன்னல்கள் வழியே காலை வெயில் நகரசபைக் கூடத்தின் நடு வரை வந்திருக்கிறது. பதவிப் பட்டையைத் தோளில் குறுக்கே அணிந்து, ஊரார் பிரெஞ்சில் ‘மேர்’ என்றழைக்கும் மேயர் பஞ்சநாதன் நிற்கிறார். பாராளுமன்ற உறுப்பினராகிவிட்ட அவர் இன்று டில்லிக்குப் புறப்படுகிறார். பிரெஞ்சுக் காலத்து வழக்கப்படி மேயராக அவர் நடத்திவைக்கும் கடைசிப் பதிவுத் திருமணம் இது. அவரை வழியனுப்பக் கீழே மாலைகளோடு கூட்டம் காத்திருக்கிறது. எதிரே, கனகசெட்டிக்குளத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்த கன்னியப்பனும் அன்னக்கிளியும். ஊரறியக் கல்யாணமாகி, தலையும் நரைத்த பிறகு சட்டப்படி பதிந்துகொள்ள வந்திருக்கிறார்கள். மேயர் கேட்டவுடன் கன்னியப்பன் சம்மதம் சொல்லிவிட்டார். அன்னக்கிளியோ முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருக்கிறாள். “ஐயா, வண்டிக்கு நேரமாவுது” என்கிறார் குமாஸ்தா. பஞ்சநாதன் அவரைக் கையமர்த்துகிறார்.

“என்னம்மா, இஷ்டமில்லியா?”

“அப்படி இல்லீங்க மேர் ஐயா. அன்னிக்கு அப்பாரு கை காட்டுனாரு, இவரு பின்னால வந்துட்டேன். சம்மதமான்னு என்னை யாரும் கேட்டதில்லீங்க.”

“நான் கேக்கறேன். நல்லா யோசிச்சிச் சொல்லுங்க.”

கன்னியப்பன் பயந்துபோய் மனைவியைப் பார்க்கிறார். வெளியே வாழ்க கோஷம் எழுந்து அடங்குகிறது. அன்னக்கிளி, வலைக்கயிறு அறுத்துத் தழும்பேறிய அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“சம்மதங்க” என்கிறாள், கூடம் முழுக்கக் கேட்கும்படி.

எத்தனையோ திருமணங்களில் மனப்பாடமாய்ச் சொன்ன அடுத்த வாக்கியம் பஞ்சநாதனுக்கு வரவில்லை. கைக்குட்டையைத் தேடுகிறார். கீழே கார் ஒலியெழுப்புகிறது.

“கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க” என்கிறார் குமாஸ்தாவிடம்.